கொட்டகைக்குக் கூரை போட்டால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: தஞ்சை வட்டார நாடகங்களுக்குக் கால் ஹார்மோனியம் வாசித்த கும்பகோணத்துக் கலைஞர்

கேள்வி: ஐயா, வணக்கம். 2018 கஜா புயலில் எங்கள் ஊர் நாடகக் கொட்டகையின் கூரை பறந்துபோனது. அன்றிலிருந்து பூட்டியே கிடக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் சிங்கப்பூர், துபாய், டொராண்டோ என்று பல இடங்களில் இருக்கிறார்கள். பணம் தரவும், விடுமுறையில் வந்து கைவேலை செய்யவும் தயார் என்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு நாட்டின் தேசிய ஓபரா (இசை நாடக) அரங்கு மறுபடி எழுந்தபோது வெளிநாட்டில் குடியேறிய அந்நாட்டு மக்கள் துணை நின்றார்கள் என்று என் மருமகன் சொல்கிறார். உண்மையா? அதில் எங்களுக்கு ஏதாவது பாடம் இருக்கிறதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி பக்கம்

பதில்: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மருமகன் சொன்னது லாத்வியாவாகத்தான் இருக்கும். அந்த நாட்டுத் தலைநகர் ரீகாவில், நகரக் கால்வாயை ஒட்டி வெள்ளை வெளேரென்று நிற்கும் அரங்கு அது. 1863இல் ஜெர்மன்காரர்களின் நாடக அரங்காகக் கட்டினார்கள். 1882இல் தீயில் போனது. 1887இல் மறுபடி திறந்தார்கள். 1918இல் நாடு சுதந்திரத்தை அறிவித்த பிறகு லாத்விய தேசிய ஓபராவுக்கு அதுவே வீடானது.

1944இல் சோவியத் படை திரும்பி வந்தபோது ஏராளமான லாத்வியர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஜெர்மனியில் அகதி முகாம்களில் கிடந்து, அங்கிருந்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று சிதறினார்கள். போன இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 1953இலேயே சிகாகோவிலும் டொராண்டோவிலும் தங்கள் பாட்டுத் திருவிழாவை நடத்தினார்கள். ஊருக்குத் திரும்ப முடியுமா என்றே தெரியாத காலம் அது. பகலில் ஆலையில் உழைத்தவர்கள் சாயங்காலம் கூடிச் சேர்ந்திசை பழகினார்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஊரில் அரங்கு இருந்தது, அவர்களால் அங்கே போக முடியவில்லை. பாட்டு மட்டும் கைவசம் இருந்தது, அதை விடவில்லை.

1990இல் ரீகா அரங்கை மூடிப் பெரிய அளவில் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே நாடு சோவியத் பிடியிலிருந்து விடுபட்டு மறுபடி சுதந்திரமானது. பழைய பொருளாதாரம் சரிந்து சனங்கள் கஷ்டப்பட்ட நேரம் அது. அப்படிப்பட்ட காலத்திலும் வேலையை நிறுத்தாமல் 1995இல் திறந்துவிட்டார்கள். கடல் கடந்த லாத்வியர்கள் ஆதரவுக் குழு அமைத்து அந்த அரங்குக்குத் துணை நின்றார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அரங்கின் அன்றாடச் சுமையைத் தூக்குவது அந்நாட்டு அரசு. பாடகர், வாத்தியக்காரர், நடனக்காரர், உடை தைப்பவர், விளக்குப் போடுபவர் என்று ஒரு பட்டாளத்துக்கே மாதச் சம்பளம் தர வேண்டிய இடம் அது. வெளிநாட்டு நன்கொடையை மட்டும் நம்பி எந்த ஓபரா அரங்கும் ஓடாது.

உங்கள் கொட்டகைக்கு அரசுச் சம்பளம் கிடையாது. அதனால்தான் பிள்ளைகளிடம் நீங்கள் கேட்பது கூரைப் பணமாக மட்டும் இருக்கக் கூடாது என்கிறேன். தகரமோ ஓடோ ஒரு தடவைச் செலவு. கூரை போட்டுத் திறப்பு விழாவும் நடத்திய கொட்டகைகள் மறு வருஷமே நெல் மூட்டை அடுக்கும் இடமாகப் போனதை இந்தப் பக்கத்தில் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். கதாநாயகனான ராஜபார்ட் வேஷம் கட்ட ஆள் இல்லை, மிருதங்கத்துக்கு ஆள் இல்லை, மேடைத் திரையான படுதா எழுதத் தெரிந்தவர் இல்லை. அப்புறம் யாருக்காகக் கூரை?

பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: "ஐந்து வருஷத்துக்கு, மாதாமாதம், ஒரு வாத்தியாருக்கும் பழகுகிற பிள்ளைகளுக்கும் படி கொடுக்க முடியுமா?" ஒரே மூச்சில் பெரிய தொகை தருவதைவிட இதற்குத்தான் மனசு வேண்டும்.

கேள்வி: கட்டடத்தை முடித்துவிட்டுத்தானே நாடகம் பழக முடியும்? ஆடுவதற்கு இடமே இல்லாமல் எப்படி?
— வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: அம்மா, வியன்னா நகரத்து ஓபரா அரங்கின் மேல் 1945 மார்ச் 12 அன்று குண்டு விழுந்தது. முகப்பும் பெரிய படிக்கட்டும் தப்பின. மேடையும் பார்வையாளர் கூடமும் எரிந்து போயின. அரங்கு மறுபடி திறந்தது 1955 நவம்பர் 5இல், பேத்தோவனின் 'ஃபிடேலியோ'வோடு. நடுவில் பத்து வருஷம் அந்தக் குழு சும்மா உட்காரவில்லை. அதே ஊரில் வேறு இரண்டு அரங்குகளில் ஆடிக்கொண்டே இருந்தது. புது மேடை தயாரானபோது ஏறுவதற்குப் பழகிய குரல்கள் காத்திருந்தன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், உங்கள் வட்டத்திலேயே மெலட்டூர் இருக்கிறது. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோயில் முன்னே ராத்திரி முழுக்க பாகவத மேளா நடக்கிறது. வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாட்டிய நாடகங்கள். பிரகலாதனின் தாய் லீலாவதி வேஷத்தையும் ஆண்களே கட்டுவார்கள். வசனம், பாட்டு, ஆட்டம் மூன்றும் சேர்ந்தது, நம் மண்ணின் ஓபரா என்று தாராளமாகச் சொல்லலாம். ஆடுகிறவர்களில் பலர் வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர்கள். விழாவுக்கென்று லீவு எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி வேஷம் கட்டுகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இவர்களைத்தான். பணத்தோடு உடம்பையும் தொண்டையையும் கொண்டுவந்து ஊருக்குத் தருகிறார்கள்.

கோயில் வாசல், களத்துமேடு, பள்ளிக்கூடத்து மைதானம், எது கிடைக்கிறதோ அங்கே இந்த வருஷமே 'வள்ளி திருமண'த்தில் ஒரு காட்சியாவது போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். அவர் எங்கள் ஊர் நாடகச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பலாமா?
— வாசகர், திருவாரூர்

பதில்: அவசரப்பட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் என்று 2010ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது, எஃப்.சி.ஆர்.ஏ. என்பார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற சிங்கப்பூர் தம்பி தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் உங்கள் கூடப் பிறந்த அண்ணனே ஆனாலும், அவர் சங்கத்துக்குத் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகிவிடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அதேதான்.

அப்படிப்பட்ட பணம் வாங்கச் சங்கத்துக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்கும் சங்கம் குறைந்தது மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று வருஷத்தில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்கவும் வேண்டும். பணம் முதலில் வந்து விழ வேண்டியது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில். பதிவு பெற்ற இன்னொரு சங்கம் வாங்கி உங்களுக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்ற வழியையும் 2020 திருத்தம் அடைத்துவிட்டது. உங்கள் ஊர்ச் சங்கத்துக்கு இது பெரிய மலைதான். ஒரு நல்ல ஆடிட்டரைப் பார்த்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். ஊர்க் கலைக்காகக் கை நீட்டியவர்கள் வழக்கு வாய்தா என்று அலையக் கூடாது என்கிற அக்கறையில் சொல்கிறேன்.

கேள்வி: பணம் தருகிறவர்கள், எந்த நாடகம் போடுவது, யார் நடிப்பது என்பதையும் அங்கிருந்தே சொல்ல ஆரம்பிக்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: இந்தக் கேள்விக்குத் திருவையாற்றைத்தான் காட்டுவேன். தியாகராஜர் சமாதி சிதைந்து கிடந்தபோது அதை எடுத்துக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள் இந்த ஊர்க்காரர் இல்லை. சமாதி இருந்த நிலத்தை வாங்கினார், சொந்தப் பணத்தைப் போட்டு 1920களில் கோயிலாக எழுப்பினார். அந்த நாளில் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. அவர் அதை எதிர்த்து நின்றார், பெண்களையும் பாட வைத்தார். பிறகு வந்து திருவையாற்றிலேயே தங்கிவிட்டார். சொத்தை அறக்கட்டளைக்கு எழுதி வைத்து 1952இல் கண்ணை மூடினார். வெளியிலிருந்து வந்தவர் கொண்டுவந்த மாற்றத்தால் ஊருக்கு நன்மையே விளைந்தது.

அதனால் "பணத்தைக் கொடு, வாயைத் திறக்காதே" என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். பெண்பிள்ளைகளும் மேடை ஏற வேண்டும், எல்லாத் தெருப் பிள்ளைகளும் பழக வேண்டும், கணக்கைப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டால் கேட்கட்டும். அது அவர்கள் உரிமை. யாருக்கு எந்த வேஷம், எந்த ராகத்தில் விருத்தம், எத்தனை மணிக்குப் படுதா தூக்குவது என்பதெல்லாம் வாத்தியார் முடிவு. டொராண்டோவிலிருந்து வீடியோ பார்த்துக்கொண்டு ராஜபார்ட்டை மாற்றக் கூடாது. இதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மகள் குடும்பமும் அவள் நண்பர்களும் டிசம்பர் விடுமுறையில் வந்து கொட்டகை வேலை செய்கிறோம் என்கிறார்கள். சரிப்படுமா?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: டிசம்பர் வேண்டாம் அம்மா. வடகிழக்குப் பருவமழை, வயலில் சம்பா நிற்கும், ஊரில் ஒரு ஆள் கிடைக்க மாட்டார். சுண்ணாம்பு அடித்தாலும் காயாது. சித்திரை, வைகாசியில் வரச் சொல்லுங்கள். வெயில் கொளுத்தும்தான். ஆனால் அறுவடை முடிந்திருக்கும், கோயில் திருவிழாக்கள் இருக்கும், மேட்டூர் ஜூன் 12இல் திறக்கிற வருஷமானாலும் அதற்கு முன்னால் கொஞ்ச நாள் ஓய்வு கிடைக்கும். காலையில் கொட்டகை வேலை, சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாட்டுப் பழகட்டும். வருகிறவர்களில் தையல் தெரிந்தவர், மின்சார வேலை தெரிந்தவர், ஒலிப்பதிவு தெரிந்தவர் யார் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒலிப்பதிவு தெரிந்தவரை முதல் நாளே ஊரில் மிச்சமிருக்கிற பழைய பின்பாட்டுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.