செம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) படத்தில் ஸ்கேல் பார் (அளவுக்கோடு): கேட்டதும் சொன்னதும்

கேள்வி (பொள்ளாச்சி): தென்னை நாரைக் கோயமுத்தூர் லேப் ஒன்றில் செம் எடுத்தோமுங்க. படத்துக்கு அடியில் உருப்பெருக்கம் ×1000 என்று இருக்குது. அதை வைத்தே ஸ்கேல் பார் போட்டுக்கலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. படம் ஒரு குறிப்பிட்ட அகலத்தில் அச்சானால்தான் அந்த ×1000 சரி. பல கருவிகளில் அந்த அகலம் போலராய்டு ஃபிலிம் காலத்துக் கணக்கு. ஆய்வேட்டில் படத்தைப் பாதியாக்கினால் எண் பொய்யாகிவிடும். பார் என்றால் படத்தோடு சேர்ந்தே சுருங்கும்.

உங்களுக்கு வேண்டியது ஒரு பிக்சல் எத்தனை நானோமீட்டர் என்பது மட்டும்தான். லேபில் மூல டிஃப் (படத்தைச் சுருக்காமல் சேமிக்கும் வகை) கோப்பையும் கூடவே சேமிப்பாகும் டெக்ஸ்ட் கோப்பையும் கேட்டு வாங்குங்க. ஹிட்டாச்சி கம்பெனிக் கருவி என்றால் டெக்ஸ்ட் கோப்பில் ‘பிக்சல்சைஸ்’ வரி நானோமீட்டரில் இருக்கும். டெஸ்கானில் எச்டிஆர் கோப்பில், மீட்டரில். ஜியோலில் மைக்ரான் பார் இத்தனை பிக்சல், மார்க்கர் இத்தனை மைக்ரான் என்று இரண்டு வரி, வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். சைஸ், எஃப்இஐ கம்பெனிக் கருவிகளில் டிஃபுக்குள்ளேயே பொதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக வாங்கினால் இதெல்லாம் போச்சு, படமும் சுருங்கி வரும்.

கேள்வி (திருப்பூர்): பருத்தி நார் படம், ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்குதுங்க. அடியில் 20 மைக்ரான் பார் இருக்குது.

பதில்: அப்போ அந்தப் பாரையே அளக்கணும். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, அனலைஸ் மெனுவில் செட் ஸ்கேல் போய், பழைய அளவு ஏதும் இருந்தால் முதலில் நீக்குங்க. 300 சதவீதம் பெரிதாக்கி, நேர்கோட்டுக் கருவியால் ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு பாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு இழுங்க. 236 பிக்சல் வந்தது என்று வையுங்க: செட் ஸ்கேலில் தெரிந்த நீளம் 20, அலகு யுஎம் (மைக்ரான்). ஒரு பிக்சலுக்கு 0.0847 மைக்ரான். முனைக்கு ஒரு பிக்சல் பிசகினால்கூடப் பிழை 0.85 சதவீதம்தான். ஆனால் பாரே 40 பிக்சல் என்றால் அதே பிசகு 5 சதவீதம். அப்படிப்பட்ட படத்தில் நார் விட்டத்தை தசமத்தில் எழுதுவது வெறும் அலங்காரம்.

கேள்வி (அதே திருப்பூர்க்காரர்): போட்டுட்டேனுங்க. ஆனா அடுத்த படத்தில் 15 இருக்க வேண்டிய நார் 60 மைக்ரான் காட்டுது!

பதில்: ‘குளோபல்’ பெட்டியில் டிக் போட்டிருப்பீங்க. ×500 படத்தின் அளவு ×2000 படத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அதான் சரியாக நாலு மடங்கு. டிக்கை எடுத்துவிட்டு, உருப்பெருக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக அளவு கொடுங்க.

கேள்வி (சேலம்): மேல்பூச்சின் உடைந்த விளிம்பை 30 டிகிரி சாய்த்து எடுத்தேன். தடிமன் குறைவா வருதே?

பதில்: பார் சொல்வது சாய்வு அச்சின் திசையில், வழக்கமாகக் கிடைவாக்கில், மட்டும்தான் நிஜம். 30 டிகிரியில் மேற்பரப்பின் மேல்-கீழ் நீளம் 0.866 மடங்காகத் தெரியும். செங்குத்தான விளிம்புச் சுவரோ சைன் 30, அதாவது பாதியாக. படத்தில் 4 மைக்ரான் என்றால் பூச்சு 8. கருவியில் டில்ட் கரெக்ஷன் (சாய்வைச் சரிசெய்யும் வசதி) போட்டிருந்தார்களா என்று கேட்டுவிட்டுத் திருத்துங்க. அது மேற்பரப்புக்கான திருத்தம், சுவருக்குப் பொருந்தாது.

கேள்வி (பெருந்துறை): கருவி போடும் பாரே தப்பா இருந்தா?

பதில்: இருக்கலாமுங்க. மில்லிமீட்டருக்கு 2160 கோடு உள்ள கிரேட்டிங் (சம இடைவெளியில் கோடு போட்ட தகடு) வைத்து, உங்கள் மாதிரிக்கு வைத்த அதே கேவி (எலக்ட்ரான் கற்றையின் வோல்டேஜ்), அதே வொர்க்கிங் டிஸ்டன்ஸில் (லென்ஸுக்கும் மாதிரிக்கும் உள்ள தூரம்) எடுத்துப் பாருங்க. இடைவெளி 463 நானோமீட்டர். ஒன்றை அளக்காமல் பத்தைச் சேர்த்து அளங்க: 4.63 மைக்ரான் வரணும். கிடை, செங்குத்து இரண்டையும் தனித்தனியாகப் பாருங்க, ஒன்று சரியாக இருந்து மற்றது விலகுவதும் உண்டு. இதற்கான வழிமுறை ஐஎஸ்ஓ 16700 என்ற சர்வதேசத் தரநிலையில் இருக்குது.

கேள்வி (கரூர்): பார் எவ்வளவு நீளம் வைக்கலாம்?

பதில்: 1, 2, 5, 10 என முழு எண்ணாக, பட அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல. ஓவர்லேயாக (படத்துக்கு மேல் தனி அடுக்காக) போட்டு டிஃபாகச் சேமித்தால் பிறகு மாற்றலாம். வேர்டில் ஓரத்தைப் பிடித்து ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிடாதீங்க, மூலையைப் பிடித்து இழுங்க.