மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு: கை மறுவாழ்வு குறித்த கேள்வி பதில்

கேள்வி: மாவுக்கட்டைப் பிரித்து எட்டு வாரங்கள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் கோணமானியை வைத்து அளந்துவிட்டு, "நன்றாக மடங்குகிறது" என்கிறார்கள். எனக்கோ வலி குறையவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். கோணமானி மூட்டின் அசைவை அளக்கும். அந்த அசைவைக் கொண்டு நீங்கள் துணி பிழிகிறீர்களா என்று அதற்குத் தெரியாது. மணிக்கட்டுக்கென்றே கனடாவில் உருவாக்கப்பட்ட பி.ஆர்.டபிள்யூ.ஈ. என்ற வினாத்தாளில் வலி பற்றி 5 கேள்விகளும், அன்றாட வேலைகள் பற்றி 10 கேள்விகளும் உள்ளன. வேலைக் கேள்விகளின் கூட்டுத்தொகையைப் பாதியாக்கிய பிறகே சேர்ப்பதால், 100 மதிப்பெண்ணில் வலிக்கு மட்டும் 50 போய்விடுகிறது. மதிப்பெண் கூடினால் தொல்லை கூடுதல் என்று பொருள். அதை நிரப்பத் தரும்படி நீங்களே கேளுங்கள். வலியோடு வீக்கம், நிறமாற்றம், அளவுக்கு மீறிய வியர்வை இருந்தால் மட்டும் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: முறிந்தது இடக்கை. தோள் முதல் விரல் வரை முழுக் கைக்குமான டேஷ் வினாத்தாளில் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது, ஆனால் அந்தக் கையால் ஒரு வாளியைக்கூடத் தூக்க முடியவில்லை.

பதில்: டேஷ் வினாத்தாளின் 30 கேள்விகளில் பெரும்பாலானவை வேலை நடக்கிறதா என்றுதான் கேட்கின்றன, எந்தக் கையால் நடக்கிறது என்று கேட்பதில்லை. உங்கள் வலக்கை வாங்கிக் கொடுத்த மதிப்பெண் அது.

கேள்வி: பி.ஆர்.டபிள்யூ.ஈ. தாளில் கத்தியால் இறைச்சி வெட்டுவது, கழிப்பறைத் தாளைப் பயன்படுத்துவது என்றெல்லாம் கேட்கிறார்கள். இரண்டும் எனக்கு வழக்கமில்லை.

பதில்: வழக்கமாகச் செய்யும் வேலையை இப்போது செய்யாமலிருந்தால் எவ்வளவு கடினமாக இருக்கும் என்று மதிப்பிட்டு எழுதலாம்; ஒருபோதும் செய்யாததை வெறுமையாக விடலாம். என்னிடம் வருபவர்களிடம் தாளின் ஓரத்தில் தங்கள் வேலைகளையும் எழுதச் சொல்வேன். ஓர் அம்மாள் 'சோறு பிசைய' என்று எழுதியிருந்தார். சூடான சோற்றில் குழம்பை ஊற்றி, ஐந்து விரலையும் குவித்துப் பிசைந்து, மணிக்கட்டைத் திருப்பி வாய்க்குக் கொண்டுபோவதில் அச்சிட்ட கேள்விகள் பலவும் அடங்கிவிடுகின்றன.

கேள்வி: டேஷ் மதிப்பெண் 52இலிருந்து 46 ஆகியிருக்கிறது. முன்னேற்றம்தானே?

பதில்: டேஷிலும் மதிப்பெண் குறைவது நல்லதுதான், ஆனால் ஆறு புள்ளி என்பது அன்றைய நாளின் ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். சுமார் 10 முதல் 15 வரை குறைந்தால்தான் நோயாளியே உணரக்கூடிய மாற்றம் என்று பொதுவாகக் கொள்கிறோம். பயிற்சியை விடாமல் ஒரு மாதம் கழித்து மீண்டும் நிரப்புங்கள். பழைய தாளைப் பார்க்காமல் நிரப்புங்கள்.