காய்ச்சல் என்று சொல்லி எடுத்த லீவ்

அன்புள்ள அக்கா,

கோவையில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டாவது ஐ.வி.எஃப்.பில் (செயற்கைக் கருத்தரிப்பு) கரு தங்கியது. ஒன்பதாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள். போன வாரம் டி.என்.சி. செய்து கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். காய்ச்சல் என்று மூன்று நாள் லீவ் சொல்லிவிட்டு மறுபடி சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை டீமில் ஒருத்திக்கு வளைகாப்பு. வளையல் வாங்குவது என் பொறுப்பு. ஸ்கூட்டியில் போனதால்தான் கலைந்ததோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. எப்படிச் சமாளிப்பது?

(பெயர் தவிர்த்திருக்கிறேன்)

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்கூட்டியால் கலையவில்லை. ஆரம்ப வாரங்களில் கரு நின்றுபோவதற்குப் பெரும்பாலும் கருவிலேயே இருக்கும் குரோமோசோம் (மரபணு) கோளாறுதான் காரணம். வண்டி ஓட்டியதும் படி ஏறியதும் வேலைக்குப் போனதும் அதைக் கொண்டுவருவதில்லை. யார் வேறு மாதிரி சொன்னாலும், மாமியாரே சொன்னாலும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இப்போது சமாளிக்க வேண்டாம், லீவ் எடுங்கள். கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1961-இன் மகப்பேறு நலச் சட்டமே சொல்லிவிட்டது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அது இருக்கிறது. அந்த ஆறு வாரத்தில் தெரிந்தே உங்களை வேலை வாங்கக் கூடாது என்று நிர்வாகத்துக்குத் தடையே உண்டு. உடம்பு தேறாவிட்டால், மருத்துவச் சான்றோடு இன்னும் ஒரு மாதம் வரை கேட்கலாம். பிரசவத்துக்கு 26 வாரம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, இது தெரிவதில்லை. கேட்க வேண்டியவர்கள் காய்ச்சல் என்று சொல்லிவிடுவதால் பல அலுவலகங்களில் ஹெச்.ஆருக்கே இது பழக்கமில்லை. டீமுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை ஹெச்.ஆருக்கு மட்டும் அனுப்புங்கள். விடுப்பு, கரு கலைந்த மறுநாளிலிருந்தே கணக்காகிறது. அதனால் இன்றே மெயில் போடுங்கள்.

ஐ.வி.எஃப். சிகிச்சைக் காலத்துக்குச் சட்டத்தில் தனி விடுப்பு இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். ஊசி மருந்தை ஐஸ் பேக்கோடு லஞ்ச் பையில் கொண்டுவந்து, ஆபீஸ் பாத்ரூமில் வயிற்றில் குத்திக்கொண்டு, பஞ்சைக் குப்பையில் தெரியாமல் சுருட்டிப் போட்டுவிட்டு மீட்டிங்குக்கு ஓடும் பெண்கள் எத்தனை பேர்! காலை ஸ்கேனுக்குக் காத்திருந்து லேட்டானால் டிராஃபிக் மேல் பழி. அடுத்த முறை முயற்சி செய்வதானால், நம்பிக்கையான ஒருவரிடமாவது முன்பே சொல்லிவையுங்கள். ஸ்கேன் நாளில் உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

வளையல் பொறுப்பை இன்றைக்கே வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் லீவில் இருப்பவர், வெள்ளிக்கிழமை அங்கே போக வேண்டியதில்லை. அந்தப் பெண்ணை வாழ்த்த மனசு வரும்போது போன் செய்துகொள்ளலாம்.