ஊதிய ஒப்பந்தம் இழுக்கும்போது நிர்வாகம் தனித்தனியாகக் கையெழுத்து கேட்டால் போடலாமா?

ஓசூர் சிப்காட்டில் வேலை, பழைய ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, சங்கம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது, எச்.ஆர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "உயர்வு தருகிறோம், கையெழுத்துப் போடு" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடாதீர்கள். நானும் அங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சங்கக் கமிட்டியில் இருந்தவன். தனியாக வாங்கும் கையெழுத்து உங்களுக்குப் பணம் தருவதற்காக மட்டும் அல்ல. பாதிப் பேர் போட்டதும் அந்தத் தாள்களைப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்து, "உங்க ஆளுங்களே ஒத்துக்கிட்டாங்க" என்பார்கள். அதற்குமேல் சங்கம் எதைக் காட்டிப் பேசும்?

தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் முடியும் ஒப்பந்தத்தைத்தான் நாம் "பன்னிரண்டு மூன்று", அதாவது 12(3) பிரிவு ஒப்பந்தம் என்கிறோம். அது சங்கத்தில் இல்லாதவருக்கும், நாளை சேரப்போகிறவருக்கும் பொருந்தும். நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போடும் 18(1) பிரிவு ஒப்பந்தம், கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் கட்டுப்படுத்தும். இவை 1947 தொழில் தகராறு சட்டத்தின் எண்கள். 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்து எண்கள் மாறினாலும் இந்த வித்தியாசம் மாறவில்லை.

அப்புறம் தொகை. மொத்தமாக எவ்வளவு என்று கேட்டுச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், எந்தத் தலைப்பில் ஏறுகிறது என்று பாருங்கள். கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) என்பது கடைசி பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்த மாதத் தொகையை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்குவது. 4,000 ரூபாய் பேசிக்கில் ஏறாமல் ஏதோ ஒரு படியில் (அலவன்ஸில்) ஏறினால், 20 வருட சர்வீஸ்காரருக்கு இந்தக் கணக்கில் சுமார் 46,000 ரூபாய் போய்விடும். படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கணக்காகும் என்று புதிய சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பாதிக்குள்ளேயே விளையாட நிறைய இடம் இருக்கிறது.

டிஏ விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஏறுவது; ஒரு புள்ளிக்கு எத்தனை ரூபாய் என்பதோடு, அந்தக் குறியீடு எந்த அடிப்படை வருடத்தது என்றும் கேளுங்கள். தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டில் 2016 வரிசையின் ஒரு புள்ளி, 2001 வரிசையின் 2.88 புள்ளிக்குச் சமம். பழைய ரேட்டை அப்படியே புதிய புள்ளிக்கு எழுதிவிட்டால் டிஏ உயர்வு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். இதை யாரும் கேட் மீட்டிங்கில் விளக்குவதில்லை, எனக்கு அது இன்றும் எரிச்சல்தான்.

பேச்சில் ஒரு வேடிக்கையும் நடக்கும். சம்பளம் என்றால் நிர்வாகத்துக்கு ராயக்கோட்டைப் பக்கத்துச் சின்னப் பட்டறை ஞாபகம் வரும், உற்பத்தி டார்கெட் என்றால் பெங்களூரு ஞாபகம் வரும். கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டினால் இதே வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று சங்கம் கையில் தாளோடு போகட்டும்.

கோபத்தில் எல்லோரும் ஒரே நாளில் லீவு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கேஷுவல் லீவு எடுத்தாலே இப்போது அது வேலைநிறுத்தம். அதற்கு 14 நாள் முன்பே நோட்டீஸ் வேண்டும்.

எச்.ஆர். மறுபடி கூப்பிட்டால், "தாளின் காப்பி கொடுங்கள், கமிட்டியிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். காப்பி வந்தால் முதலில் அரியர்ஸ் எந்தத் தேதியிலிருந்து என்ற வரியைத் தேடுங்கள். கையெழுத்துப் போடும் நாளிலிருந்து என்றிருந்தால், போன ஒரு வருட உயர்வு மொத்தமும் அவர்களுக்கு மிச்சம்.