தலை மொட்டையான பட்ஜி எப்போது பேசும்?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி வாங்கினோம். ஆண் நீலம், பெண் மஞ்சள். ஒரு மாதமாக நீலத்தின் உச்சந்தலையிலும் பிடரியிலும் இறகே இல்லை, தோல் தெரிகிறது. மஞ்சள் நன்றாக இருக்கிறது. கடைக்காரர் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார். மாமியார் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் தினமும் மாலையில் கூண்டுக்கு முன் உட்கார்ந்து ‘வாங்க, வாங்க’ என்று சொல்லிக்கொடுக்கிறான். இதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. நாக்கில் வசம்பு தேய்த்தால் பேசும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இறகு கொட்டுவதால்தான் பேசவில்லையா?
வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: கேப்ஸ்யூல், எண்ணெய், வசம்பு மூன்றையும் முதலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜி என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளி. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வால் குட்டை, பேச்சும் அநேகமாக வராது. உங்கள் பறவைகளுக்கு வால் நீளமாக இருக்கும் என்றும், நீலத்தின் இறக்கையில் வரிவரியாகக் கோடுகள் இருக்கும் என்றும் எண்ணிக்கொண்டு, பட்ஜிக்கான பதிலையே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதும் உதவியது, இறகு போன இடத்தை நீங்கள் சரியாகக் குறிப்பிட்டதுதான். பட்ஜியின் அலகு மார்பு, முதுகு, இறக்கை, வால் என்று எல்லா இடத்துக்கும் எட்டும். தன் தலைக்கு மட்டும் எட்டாது. மார்பு மொட்டையாகித் தலை முழுதாக இருந்தால், பறவை தன் இறகைத் தானே பிடுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். தலை மொட்டையாகி உடம்பு முழுதாக இருந்தால், ஒன்று அரிப்பு தாங்காமல் கம்பியில் தலையைத் தேய்த்திருக்க வேண்டும், அல்லது இன்னொரு பறவை பிடுங்கியிருக்க வேண்டும். உங்கள் கூண்டில் அந்த இன்னொன்று மஞ்சள். என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான்.

இயல்பான இறகு உதிர்வு இப்படி இருக்காது. பட்ஜிக்கு மூன்று, நான்கு மாத வயதில் முதன்முறையாக இறகு மாறும். அதன் பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறை மாறும். அப்போது கூண்டின் அடியில் இறகுகள் குவியும். ஆனால் ஒன்று விழ ஒன்று முளைப்பதால் தோல் வெளியே தெரியாது. புது இறகு வெண்மையான மெல்லிய உறைக்குள் கூர்மையாக முளைத்து வரும். முற்றியதும் உறை பொடிப்பொடியாக உதிரும். ஒரு லென்ஸ் வைத்து நீலத்தின் பிடரியைப் பாருங்கள். அந்தக் கூர்முனைகள் வரிசையாகத் தெரிந்தால் இறகு திரும்பி வந்துகொண்டிருக்கிறது. முனைகள் கடிபட்டு ஒடிந்திருந்தாலோ, தோல் சிவந்திருந்தாலோ பிடுங்கல் இன்னும் நிற்கவில்லை.

லென்ஸை எடுத்த கையோடு அலகின் ஓரத்தையும் மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள சதையையும் கால்களையும் பார்த்துவிடுங்கள். சாம்பல் வெள்ளையில் செதில் படிந்து, அதில் ஊசியால் குத்தியதுபோல் நுண்ணிய துளைகள் இருந்தால் அது செதில் உண்ணி. பட்ஜிக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. கவனிக்காமல் விட்டால் அலகே கோணிவிடும். ஐவர்மெக்டின் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் ஒரு பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம்தான். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தை வாங்கிவந்து வீட்டில் சொட்டு விடுவது பறவையைக் கொல்லும் வழி. எடை பார்த்து மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். இரவில் மட்டும் வந்து இரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணியும் உண்டு. கூண்டின் மேல் வெள்ளைத் துணி போர்த்தி, விடியுமுன் எடுத்துப் பாருங்கள். துணியின் மடிப்புகளில் நகரும் செம்புள்ளிகள் இருந்தால் மாட்டிக்கொண்டது.

இவை எதுவும் இல்லையென்றால் பழி மஞ்சளுக்குத்தான். அதையும் கொடுமைக்காரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜோடிப் பறவைகள் ஒன்றின் தலையை ஒன்று கோதிவிடுவது பாசத்தின் அடையாளம். அது எல்லை மீறும்போது பிடுங்கலாகிறது. கூண்டு சிறியதாக இருப்பது, கொறிக்க ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் காரணமாகலாம். நான் முதலில் சந்தேகிப்பது கூண்டில் தொங்கும் மண்பானையை. கடைக்காரர்கள் ஜோடியோடு பானையையும் கட்டித் தந்துவிடுகிறார்கள். பானையைக் கண்டதும் பெண் பறவைக்கு இனப்பெருக்க வேகம் வந்துவிடும். மூக்குச் சதை பழுப்பாகத் தடிக்கும், பானையைக் காக்கத் துணையையே விரட்டும். குஞ்சு வேண்டாம் என்றால் பானை எதற்கு? இன்றே கழற்றிவிடுங்கள்.

நீலத்தைப் பக்கத்திலேயே வேறு கூண்டில் ஆறு வாரம் வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கலாம், கூப்பிடலாம். அலகு மட்டும் எட்டக் கூடாது. வேரோடு வந்த இறகு சில வாரங்களில் முளைக்கத் தொடங்கும். பாதியில் ஒடிந்தது அடுத்த உதிர்வு வரை காத்திருக்கும். மீண்டும் சேர்க்கும்போது உயரத்தைவிட அகலம் அதிகமான கூண்டு, இரண்டு தீனிக் கிண்ணம், இரண்டு தண்ணீர்க் கிண்ணம், கொறிக்கக் கொய்யாக் கிளை என்று ஏற்பாடு செய்யுங்கள். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. வெறும் தினையில் வைட்டமின் ஏ, கால்சியம், அயோடின் எல்லாமே குறைவு. முளைகட்டிய தினை, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், வாரம் இருமுறை நகக்கண் அளவு வேகவைத்த முட்டை, கம்பியில் செருகிய கணவாய் ஓடு என்று தீனியை மாற்றுங்கள். தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் தானே குளிக்கும்.

கேப்ஸ்யூல் விஷயம்: பட்ஜி ஒரு நாளில் குடிப்பது சில மில்லிலிட்டர் தண்ணீர்தான், கசந்தால் அதையும் குடிக்காது. நோய்க்கிருமி இருக்கிறதா என்றே தெரியாமல், எவ்வளவு உள்ளே போகிறது என்றும் தெரியாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது மருத்துவம் ஆகாது. உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: எண்ணெய் மற்ற இறகுகளில் பரவி ஒட்டிக்கொண்டால் பறவையால் உடல் சூட்டைக் காக்க முடியாது, கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

இனிப் பேச்சு. இறகு போனதால் பேச்சு போகாது. பட்ஜிக்கு நம்மைப் போலக் குரல்நாண் கிடையாது; மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள குரல் உறுப்பிலிருந்து ஒலி வருகிறது. இறகு மாறும் நாட்களில் சற்று அடங்கிப்போகும், அவ்வளவுதான். உங்கள் நீலம் பேசாததற்கும் மஞ்சள்தான் காரணமாக இருக்கலாம். பட்ஜி தன் கூட்டத்தின் ஒலியைக் கற்கும் பறவை. ஜோடி சேரும் ஆண், பெண்ணின் அழைப்பொலியையே பின்பற்றிக் கற்றுக்கொள்கிறது. பக்கத்தில் பட்ஜி மொழி பேச ஒருத்தி இருக்கும்போது உங்கள் மகனின் ‘வாங்க’ அதற்கு எதற்கு? தனியாக வளரும் ஆண், நான்கைந்து மாத வயதுக்குள் மனிதக் குரலோடு பழகினால் பேச வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் இருந்த பக் என்னும் ஆண் பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரியும் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. அது 1994-இல் இறந்தது. பெண்கள் பேசுவது அரிது. நீலம் ஆண்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்: மூக்குச் சதை அடர் நீலமாக இருந்தால் ஆண், பழுப்பு அல்லது வெளுப்பு என்றால் பெண்.

அதற்காக நிரந்தரமாகப் பிரித்துவிடலாமா என்று மகன் கேட்பான். என் கருத்தில் வேண்டாம். பேசாத ஜோடி, பேசும் ஒற்றைப் பறவையைவிட நிம்மதியாக வாழ்கிறது. பிரிந்திருக்கும் இந்த ஆறு வாரத்தில் காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம், ஒரே சொல்லை, முகத்துக்கு நேராக, உற்சாகமான குரலில் சொல்லட்டும். கைப்பேசியில் பதிவு செய்து ஓடவிடுவதால் பெரிய பயன் இல்லை. கைப்பேசி வேறொன்றுக்கு உதவும்: பட்ஜியின் பேச்சு மிக வேகம், கீச்சுக்குரல். தனக்குத்தானே முணுமுணுக்கும் நேரத்தில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ‘வாங்க’ அதற்குள் இருக்கவும் கூடும்.

வசம்பு நாக்கைப் புண்ணாக்கும். பேச்சு நாக்கில் பிறப்பதில்லை என்றேனே. இது பேசாவிட்டால் பச்சைக்கிளி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பேசாமல் இருப்பது நோயல்ல. இருந்த குரல் மாறுவது நோயாக இருக்கலாம். அயோடின் குறைந்தால் கழுத்தில் தைராய்டு வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். குரல் கம்மும், மூச்சில் விசில் கேட்கும். அதோடு ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஆடுவது, உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்வது, தீனியைத் தொடாமல் இருப்பது இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே கிளம்புங்கள். முளைக்கும் இறகு ஒடிந்து இரத்தம் வந்தால் சோள மாவை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். அந்த உடம்பில் இருப்பதே மூன்று, நான்கு மில்லிலிட்டர் இரத்தம். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். கூண்டைக் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள். எச்சத்தையும் விழுந்த இறகையும் மருத்துவர் பார்க்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் காலி செய்துவிட்டு, மெல்லிய துணி போர்த்துங்கள்.