கோல்ஃப் சாம்பியன்கள் தங்கள் தவறுகளை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

ஜாக் நிக்லஸிலிருந்து தொடங்குகிறேன். மேஜர் எனப்படும் பெரும் போட்டிகளில் 18 பட்டங்கள் வென்றவர். அதே மேஜர்களில் 19 முறை இரண்டாம் இடத்தோடு திரும்பியவரும் அவரேதான். என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது எண்தான் பெரிய பாடம். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பேர் வாங்கிய பிறகும், ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் சிறுவயதுப் பயிற்சியாளரிடம் போய், மட்டையைப் பிடிப்பது, நிற்பது என அடிப்படையிலிருந்து திரும்பப் பழகுவார்.

அப்புறம் ரோரி மெக்கில்ராய். மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளை, 2011-ல், 4 ஷாட் முன்னிலையோடு தொடங்கினார். (கோல்ஃபில் குறைவான அடிகளில் முடிப்பவரே வெல்வார்.) வயது 21. பத்தாவது குழியில் முதல் அடியே மரத்தில் பட்டு, இடப்பக்கம் இருந்த குடில்களுக்கு நடுவே போய் விழுந்தது. நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழிக்கு ஏழு. பன்னிரண்டாவதில் குழியைச் சுற்றியிருக்கும் பச்சைத் தரையிலேயே நான்கு தட்டல். அன்றைய ஸ்கோர் 80 அடிகள், பட்டம் போச்சு. வேறொருவராக இருந்தால் முடங்கியிருப்பார். இவரோ இரண்டே மாதத்தில் இன்னொரு மேஜரான யுஎஸ் ஓபனை 8 ஷாட் வித்தியாசத்தில் வென்றார்.

சரி, மாஸ்டர்ஸ்? அதற்கு 2025 வரை காத்திருந்தார். அன்றும் ஆட்டம் சுத்தமாக இல்லை. கடைசிக் குழியில் வெல்ல வேண்டிய குறுகிய தட்டலைத் தவறவிட்டார். ஆட்டம் சமநிலையானதால், வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்காக அதே குழிக்குத் திரும்பிவந்து, பேர்டி (நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது) அடித்து ஜெயித்தார்.