மாடுலர் கிச்சன் பொருத்தும் தொழிலுக்குப் பேட்டரி டிரில் போதுமா, இம்பாக்ட் டிரைவரும் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் மாடுலர் கிச்சன், அலமாரி பொருத்தும் வேலையை இதுவரை ஒருவரிடம் இருந்து செய்துவிட்டு இப்போது தனியாகத் தொடங்குகிறார். டிரில் மட்டும் போதுமா, 12 வோல்டா 18 வோல்டா, எஸ்.பி. சாலைக் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும் "48 வோல்ட்" செட்டை நம்பி வாங்கலாமா என்று கேட்கிறார். நானும் இதே ஊரில் இதே தொழிலில் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பேட்டரியில் ஓடும் 18 வோல்ட் டிரில் ஒன்றும், ஸ்க்ரூவை அடித்து முறுக்கும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். டிரில்லில் ஹாமர் வசதி (சுவரில் துளையிட முன்னோக்கி அடிக்கும் வசதி) வேண்டும் என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கான்கிரீட் சுவருக்கு வயர் உள்ள எஸ்.டி.எஸ். ஹாமர் மிஷின் (கான்கிரீட்டை அடித்துத் துளையிடும் கருவி) ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணத்துக்கு இப்போது ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டிரில்லை வாங்குங்கள். டிரைவர் பிறகு வரட்டும்.

இரண்டும் பார்ப்பதற்கு ஒரே சாயலில் இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு. டிரில்லில் மோட்டாரின் சுழற்சி பல்சக்கரங்கள் வழியாகச் சீராகச் சக்குக்கு (பிட்டைப் பிடிக்கும் முன்பகுதி) வருகிறது. சக்குக்குப் பின்னால் எண்கள் பொறித்த வளையம்தான் கிளட்ச். நீங்கள் வைத்த எண்ணுக்குரிய இறுக்கம் வந்தவுடன் அது வழுக்கி, கடகடவென்று ஒலித்து, ஸ்க்ரூவை மேற்கொண்டு திருகாமல் விட்டுவிடும். சாதாரண இம்பாக்ட் டிரைவரில் அந்தக் கிளட்ச் கிடையாது. அதற்குள் ஸ்பிரிங்கோடு கூடிய சுத்தி ஒன்று இருக்கிறது. ஸ்க்ரூ இறுகத் தொடங்கியதும் அந்தச் சுத்தி சற்றுப் பின்வாங்கிச் சுழன்று, பிட்டைப் பிடித்திருக்கும் தண்டின் பக்கவாட்டில் அடிக்கிறது. மகீட்டாவின் டி.டி.டி. 153 மாடலில் இப்படி நிமிடத்துக்கு 3,600 அடிகள் வரை விழும். விசை அடி அடியாகப் போவதால் முறுக்கு உங்கள் மணிக்கட்டுக்குத் திரும்பி வருவதில்லை; நான்கு அங்குல ஸ்க்ரூவை ஏணியில் நின்றபடி ஒற்றைக் கையால் ஏற்றிவிட முடிவது இதனால்தான். அடி சுழலும் திசையில்தான் விழுகிறது, முன்னோக்கி விழுவதில்லை என்பதையும் கவனியுங்கள். இம்பாக்ட் என்ற பெயரை நம்பி இதைச் சுவரில் துளையிட வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரும் சில சமயம் தலையாட்டிவிடுகிறார்.

நம் தொழிலில் டிரில்லுக்கு முதலிடம் தருவதற்குக் காரணம் ஆட்டோ ஹிஞ்ச், அதாவது கதவுக்குள் குழியில் பதியும் ஸ்பிரிங் கீல். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) கதவில் 35 மி.மீ. குழியைத் தோண்டி, ஹிஞ்சை உட்கார வைத்து, 16 மி.மீ. ஸ்க்ரூவை ஏற்றுகிறீர்கள். ஸ்க்ரூவின் தலை தகட்டில் பதிந்த பிறகு இன்னும் அரைச் சுற்று போனாலே உள்ளே மரத்தூள் பிடி விட்டுவிடும். அன்றைக்குக் கதவு நன்றாகத்தான் நிற்கும். தட்டு, டப்பா எல்லாம் அடுக்கி நாலு மாதம் திறந்து மூடிய பிறகுதான் தொங்கும், வாடிக்கையாளரிடமிருந்து போன் வரும். இம்பாக்ட் டிரைவர் அடிக்கத் தொடங்குவதே அந்த அரைச் சுற்றில்தான். டிரிக்கரை நூல் பிடித்தாற்போல் அழுத்தத் தெரிந்தவர் அதிலும் இதைச் செய்துவிடுவார், மெதுவாக ஓடும் நிலை கொண்ட மாடல்களும் உண்டு. ஆனாலும் மாலை ஆறு மணிக்குக் களைத்துப்போன உதவியாளர் கையில் அதைக் கொடுத்து ஹிஞ்ச் போடச் சொல்ல நான் துணிய மாட்டேன். டிரில்லை முதல் கியரில் வைத்து, கிளட்சைக் குறைந்த எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒரு துண்டுப் பலகையில் ஸ்க்ரூ சரியாக உட்காரும் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு யார் கையில் கொடுத்தாலும் வேலை ஒரே மாதிரி வரும்.

ஹிஞ்ச், டிராயர் சானல், கைப்பிடி ஆகியவையும் 35 மி.மீ. பிட், ஹோல் சா (வட்டமாக வெட்டும் ரம்பம்) கொண்டு போடும் பெரிய துளைகளும் டிரில்லுக்கு உரியவை. ஹோல் சா பாதியில் சிக்கிக்கொண்டால் டிரில்லின் முழு முறுக்கும் மணிக்கட்டுக்குத்தான் வரும் என்பதால், பக்கக் கைப்பிடி கொடுத்திருந்தால் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடாமல் மாட்டிப் பிடியுங்கள். ஒரு பெட்டியை மற்றொன்றோடு இணைப்பது, மரச்சட்டத்துக்கு நீள ஸ்க்ரூ ஏற்றுவது, அலுமினியத்திலும் இரும்புக் குழாயிலும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போடுவது ஆகியவை இம்பாக்ட் டிரைவருக்கு உரியவை. ஊரெங்கும் மலிவாகக் கிடைக்கும் கருப்பு ஸ்க்ரூ ஜிப்சம் போர்டுக்காகச் செய்யப்பட்டது. கெட்டி மரத்தில் முன்துளை போடாமல் இம்பாக்ட்டில் ஏற்றினால் கழுத்தோடு முறிந்துவிடும். பிட்டும் இம்பாக்ட்டுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். டிரில்லோடு இலவசமாகக் கொடுக்கும் ஸ்டார் பிட்டை இதில் போட்டால் முனை நைந்து, ஸ்க்ரூ தலையையும் நைத்துவிடும்.

கேட்டலாக்கில் டார்க் (முறுக்கு விசை) எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டிரில்லுக்கு அங்கே இரண்டு எண்கள் இருக்கும்: உலோகம் போன்ற கடினமான இணைப்புக்கு ஒன்று, மரம் போன்ற மென்மையான இணைப்புக்கு ஒன்று. பாஷ் ஜி.எஸ்.பி. 180-எல்.ஐ. மாடலுக்கு 54, 21 நியூட்டன் மீட்டர், மகீட்டா டி.எச்.பி. 482 மாடலுக்கு 62, 36. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரிய எண். மரவேலைக்காரர் ஒப்பிட வேண்டியது சிறிய எண்ணை. அதில்தான் இந்த இரண்டுக்கும் உண்மையான இடைவெளி இருக்கிறது. மேலே சொன்ன டி.டி.டி. 153 இம்பாக்ட் டிரைவரின் 170 நியூட்டன் மீட்டர் அடிகளால் வருவது என்பதால் டிரில்லின் எண்ணோடு அதை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

ஹாமர் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது இந்த ஊர்ச் சுவர்களுக்கு அரைகுறையாகத்தான் உதவுகிறது. ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைந்த, நுண்துளைகள் உள்ள கான்கிரீட் கல்) சுவருக்கு ஹாமரே தேவையில்லை. சும்மா சுழற்றினாலே துளை விழும், அடித்தால் துளையின் ஓரம் பொடிந்து, ஸ்க்ரூவுக்காக உள்ளே வைக்கும் பிளக் தளர்ந்துவிடும். சாலிட் பிளாக்கில் 6 மி.மீ. துளை என்றால் ஹாமர் டிரில் சமாளித்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுமினிய அச்சு வைத்து வார்த்த புதிய அடுக்கு மாடிகளில் எல்லாச் சுவரும் கான்கிரீட். பழைய கட்டடத்திலும் மேல் அலமாரியை மாட்டும் இடத்தில் பீம் வந்துவிடலாம். ஹாமர் டிரில்லுக்குள் பல்லுள்ள இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன, அவ்வளவுதான். நீங்கள் உடல் பாரத்தைக் கொடுத்து அழுத்தினால்தான் அது ஏதாவது செய்யும். எஸ்.டி.எஸ். மிஷினில் காற்றழுத்தத்தில் ஓடும் பிஸ்டன் பிட்டின் பின்புறத்தில் அடிக்கிறது. வயர் உள்ள பாஷ் ஜி.பி.எச். 2-26 ஓர் அடிக்கு 2.7 ஜூல் கொடுக்கிறது, பிடித்திருந்தாலே போதும், அது தானாக உள்ளே போகும். எப்படியும் அந்த மிஷின் தேவைப்படப் போகிறது என்றால் டிரில்லை ஹாமர் இல்லாமல் வாங்குவது நீளத்தையும் எடையையும் குறைக்கும். பெட்டிக்குள் தலையை விட்டு வேலை செய்யும் நமக்கு அந்தக் குறைவு நாள் முழுவதும் தெரியும். மகீட்டாவில் டி.டி.எஃப். என்று தொடங்கினால் ஹாமர் இல்லாதது, டி.எச்.பி. என்றால் உள்ளது, பாஷில் ஜி.எஸ்.ஆர். இல்லாதது, ஜி.எஸ்.பி. உள்ளது. ஜி.டி.ஆர்., டி.டி.டி. இரண்டும் இம்பாக்ட் டிரைவர்கள்.

12 வோல்ட் மோசமில்லை. ஹிஞ்சும் சானலும் மட்டும் போடுபவருக்கு அதன் எடைக்காகவே அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் நீங்கள் தனியாகத் தொழில் தொடங்குகிறீர்கள். நாளைக்கு டிரிம்மர், ஜிக்சா, சர்குலர் சா என்று ஒவ்வொன்றாகச் சேரும், அவற்றில் பெரியவை 18 வோல்ட்டில்தான் கிடைக்கும். இன்று நீங்கள் தேர்ந்தெடுப்பது டிரில்லை மட்டும் அல்ல, அடுத்த பத்து ஆண்டுக்கான பேட்டரியையும்தான். முதலில் இரண்டு பேட்டரியும் சார்ஜரும் உள்ள செட். அடுத்தடுத்து பேட்டரி இல்லாத வெறும் கருவி மட்டும். மகீட்டாவில் மாடல் எண்ணின் இறுதியில் இசட் இருந்தால், பாஷில் சோலோ என்று இருந்தால் பேட்டரி கிடையாது என்று பொருள். விலை குறைவாகத் தெரிகிறதே என்று ஆன்லைனில் அதை வாங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து விழிப்பவர்கள் உண்டு. ஒரே பிராண்டுக்குள்ளும் எல்லாம் பொருந்துவதில்லை: பாஷின் நீல நிறக் கருவிகளின் பேட்டரி பச்சை நிற வீட்டு உபயோகக் கருவிகளில் ஏறாது, மகீட்டாவின் 18 வோல்ட் பேட்டரி அவர்களுடைய 40 வோல்ட் வரிசையில் ஏறாது.

இனி அந்த "48 வோல்ட்" செட். லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட், ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 காட்டும் என்பதால் அதே பேட்டரி 21 வோல்ட். ஆகவே 18, 20, 21 என்று எழுதியிருப்பவை எல்லாம் பெரும்பாலும் ஒன்றேதான். டிவால்ட்டின் 20 வோல்ட்டும் இதில் அடக்கம். 48, 88, 128 என்று ஸ்டிக்கர் ஒட்டி மகீட்டா பேட்டரியின் வடிவத்திலேயே வரும் மலிவுப் பேட்டரிகளுக்குள்ளும் வழக்கமாக இருப்பது ஐந்து செல் தொடர்தான். கடையில் பேட்டரியைத் திருப்பி வாட் மணி எவ்வளவு என்று பாருங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்றால் 90 வாட் மணி என்று அச்சிட்டிருக்க வேண்டும். அந்த எண்ணே இல்லை, அல்லது பெருக்கினால் கணக்கு வரவில்லை என்றால் கீழே வைத்துவிடுங்கள். எடையும் காட்டிக்கொடுக்கும்: வழக்கமான அளவுள்ள செல் ஒன்று 45 கிராம் அளவில் இருக்கும், 5 ஆம்பியர் மணிக்கு அத்தகைய பத்து செல்கள் தேவை, உறையோடு சேர்த்து அரைக் கிலோவைத் தாண்ட வேண்டும். ஃபால்ஸ் சீலிங் ஆட்களைப் போலக் கருவியை மேலிருந்து தவறவிட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு அந்த மலிவுச் செட் கட்டுப்படியாகலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஹிஞ்ச் வேலைக்கு அது ஆகாது. சக்கில் நீளமான 6 மி.மீ. பிட்டை மாட்டி மெதுவாக ஓட்டி அதன் முனையைப் பாருங்கள். வட்டம் போட்டால் உங்கள் துளைகளும் அப்படித்தான் வரும். டிரிக்கரை லேசாகத் தொட்டால் பிட் ஊர்ந்து சுழல வேண்டும், எடுத்த எடுப்பில் பாயக் கூடாது.

பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒரே பேட்டரியில் அதிக வேலை தரும், கார்பன் மாற்றும் தொல்லை இல்லை. உள்ளே உள்ள எலக்ட்ரானிக் பலகை போனால் செலவு அதிகம் என்பதுதான் அதன் குறை. பிராண்டைப் பொறுத்தவரை பாஷ், மகீட்டா, டிவால்ட் மூன்றில் எதன் சர்வீஸ் சென்டர் உங்கள் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதை எடுங்கள். அவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு இந்த வேலையில் பெரிதாகத் தெரியாது.

பேட்டரியில் ஒரே பெரிய 5 ஆம்பியர் மணியைவிட 2 அல்லது 3 ஆம்பியர் மணியில் இரண்டு மேல். தலைக்கு மேல் கையை உயர்த்தி வேலை செய்யும்போது எடை குறையும், ஒன்று ஓடும்போது மற்றொன்று சார்ஜ் ஆகும். மீட்டர் இன்னும் வராத புதிய ஃபிளாட்டில் வேலை என்றால் மூன்றாவதும் வேண்டும். அங்கே பக்கத்து மாடியில் கெஞ்சித்தான் சார்ஜ் போட வேண்டியிருக்கும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் பெட்டியில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள், முழுவதும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். அப்படிப் போட்டதைச் சார்ஜர் ஏற்க மறுத்துவிடும்.

எங்கு வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். இந்தக் கருவிகளுக்கு வரி 18 சதவீதம். நீங்கள் சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. பதிவு செய்திருந்து, கடைக்காரர் உங்கள் எண்ணைப் பில்லில் போட்டுக் கொடுத்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து) எடுத்துக்கொள்ளலாம். சிறு தொழிலுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் எடுக்க முடியாது.